காளையைக் காப்பாத்தியாச்சு, காட்டை?

காங்கயம் காளை படம் போட்ட ஃபார்வர்டு வாரம் ஒண்ணாவது என் போனுக்கு வந்துடுது. திமிலைத் தூக்கிக்கிட்டு, கழுத்துல கருமை இறங்கி, பார்க்கவே கம்பீரமா நிக்கும். கீழே வழக்கமான வாசகங்கள். நாட்டு மாட்டுப் பால் அமிர்தம், சீமை மாட்டுப் பால் விஷம், எல்லாம் வெளிநாட்டுக்காரன் சதி, உடனே பத்து பேருக்கு அனுப்பவும். அனுப்புறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் வீட்டுல மாடு கிடையாது. (என் வீட்டுலயும் கிடையாது. மாடு இல்லை, மூணாவது மாடிதான் இருக்கு :-))

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். நாட்டு மாட்டைக் காப்பாத்தறதை நக்கல் பண்ற பதிவு இல்லை இது. எங்க அம்மா ஊர் வெள்ளகோவில் பக்கம். மாமா இன்னைக்கும் காங்கயம் மாடு வெச்சிருக்கார். அந்த மாடு இன்னும் நூறு வருஷம் இருக்கணும்ங்கறதுல எனக்கு ரெண்டாவது கருத்தே இல்லை. ஆனா மாட்டை மட்டும் தனியா எடுத்துக் காப்பாத்திட முடியும்னு நாம நம்பிக்கிட்டிருக்கோம் பாருங்க, அங்கதான் எனக்கு சண்டை. அந்த மாடு மேயுற கொறங்காடு போயிடுச்சுன்னா, அதை வெச்சிருக்கிற ஆளுக்கு அதனால நாலு காசு வரலைன்னா, மாடு படத்துலதான் இருக்கும். தபால்தலையில ஏற்கெனவே ஏறிடுச்சு, 2000-ல.

கொறங்காடுன்னா என்னன்னு கொங்குப் பக்கம் வராதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லணும்.

காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில், அரவக்குறிச்சி வட்டாரம் மழை குறைஞ்ச பூமி. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் சுத்திதான் மழை. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறிச்சுக்கும். பெய்யறதுல பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில வர்ற மழைதான். மண்ணும் சரளை மண், ஆழம் கிடையாது. இப்படிப்பட்ட இடத்துல வருஷா வருஷம் வெள்ளாமை வெச்சுப் பிழைக்கிறது சூதாட்டம். அதனால அந்த ஊர்க்காரங்க நிலத்தை மேய்ச்சலுக்கே விட்டாங்க. விட்டாங்கன்னா சும்மா தரிசா இல்லை, ஒரு ஏற்பாட்டோட.

ஏற்பாடு மூணு விஷயம். ஒண்ணு, புல்லு. முக்கியமா கொழுக்கட்டைப் புல். காய்ஞ்சு கருவாடாக் கிடக்கும், ஒரு மழை விழுந்தா வேர்ல இருந்து மறுபடி துளிர்த்துக்கும். ரெண்டு, மரம். காட்டுக்குள்ள அங்கங்க வெள்வேல மரம் நிக்கும். கோடையில புல்லு தீர்ந்து போற நேரத்துல அதோட காய் உதிரும், ஆடு மாடு அதைத் தின்னு சமாளிக்கும். நிழலும் ஆச்சு. மூணு, வேலி. முள்கிளுவைக் குச்சியை நட்டு வெச்ச உயிர்வேலி. தண்ணி ஊத்த வேண்டாம், தானா வேர் பிடிச்சு வளரும். மாடும் வெளியே போகாது, அடுத்த காட்டு மாடும் உள்ளே வராது.

இந்த வேலியோட மகிமை என்னன்னா, மேய்க்க ஆள் வேண்டாம். காலையில மாட்டை உள்ளே விட்டு, படலைச் சாத்திட்டு அவங்கவங்க வேலைக்குப் போயிடலாம். ஒரு காட்டுல புல்லு குறைஞ்சா அடுத்த காட்டுக்கு மாத்தி விடுவாங்க. மாடு மேய்ஞ்ச பின்னாடி மிச்சம் இருக்கிற கட்டைப் புல்லை ஆடு மேயும். சாணியும் புழுக்கையும் அங்கேயே விழுந்து அங்கேயே எருவாயிடும். சில வருஷத்துக்கு ஒருக்கா நல்ல மழை கிடைச்சா உழுது சோளமோ கொள்ளோ விதைப்பாங்க, அடுத்து வர்ற புல்லு திடமா வரும். இது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் இல்லைங்கறதையும் கவனிக்கணும். ஒவ்வொண்ணும் தனியார் பட்டா நிலம். அதாவது ஒவ்வொரு குடும்பமும் "என் நிலத்தை நான் புல்லுக்காக விட்டு வெச்சிருக்கேன்"னு தலைமுறை தலைமுறையா எடுத்துக்கிட்டு வந்த முடிவு அது.

காங்கயம் மாடு இந்த நிலத்துல இருந்து வந்த மாடு. கன்னு பிறக்கும்போது செவலையா இருக்கும், ஆறு மாசத்துல நிறம் மாறி மயிலை ஆயிடும். பொலிகாளைக்கு மட்டும் தலை, திமில், முன்னங்கால் பக்கம் கருமை ஏறும். குளம்பு கெட்டி, சரளைக் கல்லுல நடந்தாலும் தேயாது. வெயிலைத் தாங்கும், பனையோலையைத் தின்னாவது பஞ்சத்தைத் தாண்டும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி வளர்த்த மந்தையைப் பத்தி, வெள்ளைக்காரன் காலத்துலயே எழுதி வெச்சிருக்காங்க. 1936-ல லிட்டில்வுட்ங்கற அதிகாரி தென்னிந்தியக் கால்நடைகள் பத்தி எழுதின புத்தகத்துல காங்கயத்துக்கு நல்ல இடம் உண்டு.

சரி, இவ்வளவு நல்ல மாடு ஏன் குறைஞ்சது? ஃபார்வர்டு சொல்ற மாதிரி யாரோ ஒருத்தன் சதி பண்ணிக் குறைச்சானா?

இல்லைங்க. அதுக்கு வேலை போயிடுச்சு. அவ்வளவுதான்.

காங்கயம் மாடு பாலுக்காக வளர்த்த மாடே இல்லை, இழுவை மாடு. கவலை ஓட்டிக் கிணத்துத் தண்ணி இறைக்க, ஏர் உழ, வண்டி இழுக்க. அந்தக் காலத்துல கொங்குக் கிணறுகள் எவ்வளவு ஆழம்னு தெரியும்ல? அத்தனை ஆழத்துல இருந்து தோல்பறியில தண்ணியை மேலே கொண்டாந்தது இந்தக் காளைங்கதான். 1930-கள்ல பைக்காரா மின்சாரம் வந்தது. கோயமுத்தூர்ல மோட்டார் பம்பு செய்ய ஆரம்பிச்சாங்க. கொஞ்சம் கொஞ்சமா கவலை போச்சு. அப்புறம் டிராக்டர் வந்து ஏரை வாங்கிக்கிச்சு. லாரியும் டெம்போவும் வந்து வண்டியை வாங்கிக்கிச்சு. ஒரு ஆளை மூணு வேலையில இருந்தும் நீக்கிட்டு, ஏன் இளைச்சுப் போயிட்டேன்னு கேட்டா அவன் என்ன பதில் சொல்லுவான்?

அப்ப மிச்சம் இருக்கிறது பால். அதுல காங்கயம் போட்டி போட முடியாது. ஒரு ஈத்துக்கு சராசரி 540 கிலோன்னு கணக்கு சொல்றாங்க. ஒன்பது மாசம் கறக்கறதா வெச்சுக்கிட்டா நாளைக்கு ரெண்டு லிட்டர். அதுலயும் கன்னுக்கு விடணும். பக்கத்து வீட்டுக் கலப்பின மாடு நாளைக்குப் பத்து லிட்டர் ஊத்துது. லிட்டர் 35 ரூபாய்னே வெச்சுக்குங்க, அவங்களுக்கு 350 ரூபாய். பாதி தீவனத்துக்குப் போனாலும் 175 கையில நிக்கும். காங்கயம் வெச்சிருக்கிறவருக்கு ஒரு லிட்டர் வித்தா 35. மாட்டுக்காரர் வீட்டுலயும் பசங்க ஸ்கூலுக்குப் போறாங்க, அங்கயும் ஃபீஸ் கேட்கறாங்க.

அதனால ஜெர்சி வெச்சிருக்கிற அக்காவை யாராவது தமிழ்த் துரோகி ரேஞ்சுக்குப் பேசினா எனக்குக் கெட்ட கோபம் வரும். ரெண்டு கலப்பின மாட்டைக் கட்டி, சொசைட்டிக்குப் பால் ஊத்தி, பொண்ணை இன்ஜினியரிங் படிக்க வெச்ச ஆத்தாக்கள் எங்க பக்கம் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பாங்க. 2012-க்கும் 2019-க்கும் நடுவுல எடுத்த கணக்குப்படி இந்தியா முழுக்க நாட்டு மாடு 6 சதவீதம் குறைஞ்சது, கலப்பினம் கால்வாசிக்கு மேல கூடிச்சு. இத்தனை கோடிப் பேர் எடுத்த முடிவுக்குப் பின்னாடி வயித்துக் கணக்கு இருக்கு. அதைத் திட்டி மாத்த முடியாது.

*

இப்ப அந்த ஏ1, ஏ2 சமாச்சாரம்.

நாட்டு மாட்டுப் பாலை லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல வித்தா காங்கயம் பிழைச்சுக்கும்னு ஒரு கட்சி சொல்லுது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த வியாபாரமே "மத்த பால் குடிச்சா சர்க்கரை வியாதி வரும், இதய நோய் வரும்"ங்கற பயத்து மேல நடக்குது. 2009-லயே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிற ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்து, ஏ1 பாலுக்கும் இந்த வியாதிகளுக்கும் காரண-காரியத் தொடர்பு நிரூபணமாகலைன்னு சொல்லிடுச்சு. நம்ம ஊர்ல 2024 ஆகஸ்ட்ல உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாக்கெட்ல ஏ1, ஏ2-ன்னு போடாதீங்கன்னு சொல்லிட்டு, அடுத்த சில நாள்லயே அந்த உத்தரவைத் திரும்ப வாங்கிக்கிச்சு. அது வேற கூத்து.

எனக்கு இதுல ரெண்டு வருத்தம். ஒண்ணு, பொய்ப் பயத்து மேல கட்டின சந்தை, பயம் தெளிஞ்ச அன்னைக்கு விழுந்துடும். விழும்போது மாட்டுக்காரர்தான் அடியில மாட்டிக்குவார். ரெண்டு, பாலுக்கு அப்படி விலை கிடைக்குதுன்னா வியாபாரி காங்கயத்தைத் தேடி வர மாட்டான். அதுவும் நாட்டு மாடுதான்னு குஜராத் கிர் மாட்டையும், வடக்கத்தி சாகிவாலையும் வாங்கிட்டு வந்து கட்டுவான். அதுங்க அதைவிடப் பல மடங்கு கறக்கும். நகரத்துல "நாட்டு மாட்டுப் பால்"னு போர்டு போட்ட பண்ணைகள்ல எத்தனை இடத்துல காங்கயம் நிக்குதுன்னு அடுத்த தடவை எட்டிப் பாருங்க. காங்கயத்தைப் பால்காரியாக்கி ஜெயிக்க வைக்கப் பார்க்கிறது, கபடி வீரனை செஸ் ஆடக் கூப்பிட்டுப் போய் உட்கார வைக்கற மாதிரி.

*

அடுத்தது ஜல்லிக்கட்டு. இதைத் தொட்டா பின்னூட்டத்துல பொரிஞ்சு தள்ளிடுவீங்கன்னு தெரியும். இருந்தாலும் சொல்லிடறேன்.

2014 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. 2017 ஜனவரியில மெரினாவுல கூடினோம். சட்டத்திருத்தம் வந்தது. 2023 மே-யில ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. ஜெயிச்சோம். சந்தோஷம். வாடிவாசல்ல பேர் பெத்தது தெக்கத்தி புலிக்குளம் காளைங்கதான், ஆனா நாம தூக்கிப் பிடிச்ச போஸ்டர்ல பாதிக்கு மேல காங்கயம். அதுக்கும் ஒரு லாபம் இருந்தது. பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் பேர் தெரிஞ்சது. சிட்டிப் பசங்க காளைக்கன்னு வாங்கி வளர்க்க ஆரம்பிச்சாங்க.

ஆனா அதே ஜனவரியில என்ன நடந்ததுன்னு ஞாபகம் இருக்கா? 2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரி 10-ந் தேதி எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அரசு அறிவிச்சது. அடுத்த ஒரு வாரத்துல மெரினா போராட்டம். நாம கடற்கரையில செல்போன் வெளிச்சம் அடிச்சு காளைக்காகக் கோஷம் போட்டுக்கிட்டிருந்த அதே ராத்திரிகள்ல, தீவனம் இல்லாம, வைக்கோல் விலை கட்டுபடியாகாம, மாடுங்க வந்த விலைக்குக் கைமாறிக்கிட்டிருந்தது. பசுவும் கன்னுமா. காளைக்கு ஆயிரம் பேர் வக்காலத்து, அதைப் பெத்த பசுவுக்கு ஒரு கட்டு சோளத்தட்டு இல்லை.

அந்த வருஷம் எங்க மாமா தன்னோட அஞ்சு உருப்படியில ரெண்டை வித்தார். நான் போன்ல கேட்டேன், "ஏனுங் மாமா, இந்நேரத்துல ஏன் விக்கறீங்க? இப்பத்தான் எல்லாரும் காங்கயம் மாட்டைப் பத்திப் பேசறாங்களே"ன்னு. அவர் சொன்னதை அப்படியே தர்றேன்:

"பேசறாங்க மாப்ள. மாட்டைக் காப்பாத்தோணும், மாட்டைக் காப்பாத்தோணும்னு ஊரே பேசுது. அது வாயை வெக்கற காட்டைக் காப்பாத்தோணும்னு ஒருத்தரும் சொல்லக் காணோம். மூணை நிறுத்தறதுக்கே எனக்கு ரெண்டை விக்க வேண்டியிருக்குது. பேச்சைத் தின்னா மாட்டுக்கு வயிறு நெம்புமா?"

அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசலை.

*

கொறங்காடு எப்படிப் போகுதுன்னு பாருங்க. பிஏபி வாய்க்கால் தண்ணி எட்டின பக்கம் தென்னை வந்தது. காங்கயம் ஊரே கொப்பரைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பேர் போன ஊர் ஆயிட்டதால, பல காடுகள் தேங்காய் உலர்களமா மாறிச்சு. தாராபுரம் பக்கம் காத்தாடி நட்டாங்க. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனா வாரச் சம்பளம் வருது, காட்டுல நின்னு வேலி கட்ட யார் இருக்கா? ரோட்டோரக் காடுன்னா சைட் போட்டுக் கல்லு நட்டுடறாங்க. பிரிச்சுப் பிரிச்சு அண்ணன் தம்பி பங்குல துண்டாகிப் போன காட்டுல மாடு மாத்தி மேய்க்க இடமே இல்லை. ஆள் கவனிக்காத காட்டுல சீமைக் கருவேலம் ஏறிக்குது. முள்கிளுவை வேலியை ஜேசிபி விட்டு ஒரு மணி நேரத்துல வாரிடலாம். மறுபடி அந்த வேலி வரணும்னா எத்தனை வருஷம்?

இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியலை. நிலம் அவங்களோடது. ஏக்கர் லட்சக்கணக்குல போற இடத்துல, புல்லு முளைக்கட்டும்னு விட்டு வெக்கறவரை ஊரே ஒரு மாதிரி பார்க்குது. பட்டாவுல அது வெறும் புஞ்சை.

இன்னொண்ணு. கொறங்காட்டுல கைக்காசு தர்றது மாடு இல்லை, ஆடு. மேச்சேரி ஆட்டுக்குட்டி வித்த காசுலதான் வேலிக்கூலி, வைத்தியச் செலவு எல்லாம். 2024, 2025-ல காங்கயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் கூட்டமா வந்து பட்டியில புகுந்து ஆடுகளைக் கடிச்சுக் கொன்னதும், விவசாயிகள் செத்த ஆட்டைத் தூக்கிட்டு வந்து நஷ்டஈடு கேட்டு ரோட்டுல உட்கார்ந்ததும் பேப்பர்ல வந்தது. நம்ம "இனம் காப்போம்" குரூப்புகள்ல அதைப் பத்தி ஒரு வரி பார்த்தீங்களா? நான் பார்க்கலை. ஆனா அந்தப் போராட்டமும் காங்கயம் மாட்டுக்கான போராட்டம்தான். ஆடு போனா காடு போகும். காடு போனா மாடு போகும். இதைப் புரிஞ்சுக்க கால்நடை மருத்துவம் படிக்க வேண்டியதில்லை.

இதே வரிசையில, சொன்னா சிலருக்குப் பிடிக்காத விஷயம் ஒண்ணும் இருக்கு. வயசான மாட்டுக்கும், வேண்டாத காளைக்கன்னுக்கும் சந்தையில ஒரு விலை இருக்கணும். 2017 மே மாசம் மத்திய அரசு, சந்தையில அறுப்புக்கு மாடு விக்கக் கூடாதுன்னு விதி கொண்டாந்தது. மதுரை ஹைகோர்ட் கிளை உடனே தடை போட்டது, சுப்ரீம் கோர்ட்டும் அதை நாடு முழுக்க நீட்டிச்சது. அது அமலாகியிருந்தா முதல் அடி நாட்டு மாடு வெச்சிருக்கிறவருக்குத்தான். கறவை வத்தின மாட்டையும் கடைசி வரைக்கும் வெச்சுத் தீவனம் போடுன்னா, ரெண்டு லிட்டர் மாடு வெச்சிருக்கிறவர் அடுத்த மாட்டை வாங்கவே மாட்டார். பாசத்துல போடுற சட்டம் மாட்டைக் காப்பாத்தாது.

*

சும்மா புலம்பிட்டு மட்டும் போனா நல்லா இருக்காது. என் சின்ன மூளைக்கு எட்டினது:

1. கொறங்காட்டைக் கொறங்காடா வெச்சிருக்கிறவருக்கு ஏக்கருக்கு இவ்வளவுன்னு வருஷா வருஷம் உதவித்தொகை. உரத்துக்கு மானியம் தர்றோம், பம்புக்கு இலவச மின்சாரம் தர்றோம். ஒரு சொட்டு நிலத்தடித் தண்ணி எடுக்காம, மண்ணைப் பிடிச்சு வெச்சிருக்கிறவருக்கு என்ன தர்றோம்? மாடு வளர்க்க மட்டும் திட்டம் போட்டா மாடு வாங்கி, படம் எடுத்து, வித்துடுவாங்க. காட்டுக்குப் போட்டா காடு நிக்கும். காடு நின்னா மாடு தானா வரும்.

2. நல்ல பூச்சிக்காளை. எங்க பக்கம் பொலிகாளையை அப்படித்தான் சொல்லுவாங்க. முன்னெல்லாம் ஊருக்கு ஒண்ணு ரெண்டு இருக்கும். சினை ஊசி தப்புன்னு சொல்லலை. ஆனா நாலைஞ்சு காளையோட விந்தை ஊர் முழுக்கப் போட்டுக்கிட்டே போனா, நூறு கன்னு பிறந்தாலும் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு அண்ணன் தங்கச்சி. வெவ்வேற வழிக் காளைகளை வெவ்வேற ஊர்ல வெச்சிருக்கிறவங்களுக்கு தீவனச் செலவைத் தரணும். குட்டப்பாளையத்துல இந்த மாட்டுக்குன்னே இயங்குற ஆராய்ச்சி அறக்கட்டளை, கொறங்காட்டைப் பத்தி ஆவணப்படுத்தின மதுரை சேவா அமைப்பு மாதிரி ஆட்கள் வருஷக்கணக்கா இதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

3. சந்தை. சித்திரையில கண்ணபுரம், ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில், ஞாயித்துக்கிழமை பழையகோட்டைச் சந்தை. காங்கயம் மாட்டோட உண்மையான வருமானம் பாலு இல்லை, வருஷத்துக்கு ஒரு கன்னு. கன்னுக்கு நல்ல விலை கிடைக்கிற வரைக்கும் மாமா மாதிரி ஆட்கள் பசுவை விட மாட்டாங்க. இந்தச் சந்தைகளுக்குத் தண்ணி, நிழல், வைத்தியர், வண்டி நிறுத்த இடம் செஞ்சு கொடுக்கிறதுக்குக் கோடிகள் தேவையில்லை.

4. வேலை. இதுதான் கஷ்டமானது, ஆனா முக்கியமானது. மரச்செக்கு எண்ணெய்னு தெருவுக்குத் தெரு கடை வந்துடுச்சு. உள்ளே எட்டிப் பார்த்தா முக்கால்வாசி மோட்டார் ஓடுது. மாடு இழுக்கிற செக்குல ஆட்டின எண்ணெய்க்குப் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுக்க நாம தயாரா? சின்னத் துண்டு நிலத்துல, தென்னைக்கு நடுவுல ஊடுழவுக்கு டிராக்டர் திரும்ப முடியாத இடத்துல இன்னும் மாட்டு ஏர் தேவைப்படுது. ஆள் கிடைக்காமத்தான் விட்டுடறாங்க. ஏர் மாடு வெச்சிருக்கிறவருக்கு டிராக்டருக்குத் தர்ற மானியத்துல பத்துல ஒரு பங்கு கொடுத்துப் பார்க்கலாம்.

இத்தனையும் பண்ணினாக்கூட பழைய எண்ணிக்கை திரும்பி வராது. அதை நான் நம்பவும் இல்லை. கவலை ஓட்ட யாரும் திரும்பப் போறதில்லை. ஆனா எல்லா இடத்துலயும் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்த அஞ்சாறு தாலுகாவுல, அந்தச் சரளைக் காட்டுல, உயிரோட்டமா ஒரு மந்தை இருந்தாப் போதும். வெயில் வருஷா வருஷம் கூடிக்கிட்டுத்தான் போகுது. பத்து லிட்டர் மாட்டுக்கு ஃபேன் போட்டு, தண்ணி தெளிச்சு, பசுந்தீவனம் வெட்டிப் போட முடியாத ஒரு பஞ்சம் வர்ற அன்னைக்கு, ஒண்ணும் இல்லாம நிக்கத் தெரிஞ்ச ஒரு மாடு நமக்கு வேணும். அன்னைக்குப் போய்ப் புதுசா செய்ய முடியாது. பல நூறு வருஷம் ஆகியிருக்கு அது உருவாக.

டெல்டாவுல உம்பளாச்சேரிக்கும், அந்தியூர் மலையில பர்கூர் மாட்டுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான்னு நினைக்கிறேன். உம்பளாச்சேரிக்கு சேத்து வயல், பர்கூருக்கு காட்டு மேய்ச்சல். மாட்டுப் பேர் மாறும், நிலம் மாறும், கணக்கு மாறாது. அந்தப் பக்கத்து மக்கள் யாராவது விவரமா எழுதினா நல்லா இருக்கும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை அந்தக் காளைப் படம் வரும்போது, பத்து பேருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, சித்திரையில ஒரு நடை கண்ணபுரம் சந்தைக்குப் போய்ட்டு வாங்க. மாடு வாங்கச் சொல்லலை. அங்க நிக்கிற மாட்டுக்காரர்கிட்ட, "ஏனுங்க, மாடு எங்க மேயுதுங்க? காடு எத்தனை ஏக்கரா வெச்சிருக்கீங்க?"ன்னு மட்டும் கேளுங்க. மாட்டு விலையைக் கேட்கறவங்கதான் நிறைய. காட்டைக் கேட்டா உட்கார வெச்சு மோர் கொடுத்துப் பேசுவாங்க. மாமா மூணு உருப்படியை நாலாக்கிட்டார் போன வருஷம். நாலாவது கிடாரி, இன்னும் செவலை நிறம் முழுசா மாறலை. வேலி மட்டும் கிழக்குப் பக்கம் போயிடுச்சு, கிளுவைக்குச்சி நட ஆள் தேடிக்கிட்டிருக்கார். கிடைக்கலை.

உங்க ஊர் மாட்டைப் பத்தியும், அது மேயுற இடத்தைப் பத்தியும் பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. திட்டறவங்களும் வரலாம், ஆனா ஜெர்சி அக்காவை மட்டும் திட்டாதீங்க.